என் முகமும் அப்பாவின் மூன்று பாட்டில்களும்

பருவுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரியில் படுப்பார்களா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படுப்பார்கள். நான் படுத்தேன். காய்ச்சல், எழுந்து நடக்க முடியாத இடுப்பு வலி, நெஞ்சிலும் முதுகிலும் புண், கையில் சொருகிய ஊசி என்று ஒன்றும் குறைவில்லாமல் நடந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முதலில் டெங்குவா என்று விசாரித்தார்கள். இல்லை, பரு என்று அம்மா சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. இதற்கா ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தோம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது உடம்பு பரவாயில்லை. முகத்தில் குழிகள் இருக்கின்றன. அவை முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றிப் புலம்புவதற்கு இதை எழுதவில்லை. இப்படி ஒன்று வந்தால் என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே யாராவது விளக்கமாக எழுதி வைத்திருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும். நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் கடலை மாவும் கற்றாழையும்தான்.

எனக்கு இருபது வயது. பி.காம். கடைசி வருடம். அப்பாவுக்கு தி.நகரில் எண்ணெய்க் கடை. தீபாவளிக் கூட்டம்கூட எட்டிப் பார்க்காத ஒரு பக்கத் தெரு, கீழே கடை, மாடியில் வீடு. அருப்புக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவின் மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் லாரியில் வந்து இறங்கும். டின்னைத் திறந்ததும் அப்பா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். கெட்டுப்போன எண்ணெயின் காறல் ருசி இருந்தால் அந்த டின் அப்படியே ஊருக்குத் திரும்பும். வாங்க வருகிறவர்களிடம் எண்ணெயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் என்றால் அவர்கள் பஸ்ஸைத் தவற விட வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவரின் மகனுக்கு மூஞ்சி முழுக்கப் பரு. பள்ளிக்கூடம் முடிக்கும்போது ஆரம்பித்தது, காலேஜில் பெரிதானது. சாதாரணப் பரு இல்லை. தோலுக்கு அடியில் கோலிக்குண்டு கணக்கில் உருண்டு நிற்கும், தொட்டால் உயிர் போகும். கடைக்கு வருகிற மாமிகள் எண்ணெயை வாங்கிக்கொண்டு எனக்கு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு பெரிய மனுஷர் சொன்னார். எந்தப் பெண்ணை வைத்துச் சரி செய்வது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அம்மா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டின் கருத்து வேறு. முகத்தில் வருவதற்குக் காரணம் வயிறு என்பது அப்பாவின் முடிவு. அதற்கு எங்களிடம் ஒரு வழக்கமும் இருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் விளக்கெண்ணெய் குடிப்போம். பேதியாகும். மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி மோர் சாதம். ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. ஆனால் எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் அதற்கு ஒரு தனி மரியாதை. விளக்கெண்ணெயை மட்டும் அப்பா விற்பதில்லை, வீட்டுக்கென்று தனியாகக் காய்ச்சி வரவழைப்பார். என் பரு பெரிதானதும் வருடத்துக்கு இரண்டு என்பது எனக்கு மட்டும் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு இரண்டாகியது. உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே போய்விட்டால் முகம் தானாகத் தெளிந்துவிடும் என்று அப்பா உறுதியாக நம்பினார்.

நான் என் பங்குக்கு இரண்டு காரியம் செய்தேன். முன்பு ஒரு டாக்டர் கிருமியைக் குறைக்கிற மாத்திரை, அதாவது ஆன்டிபயாட்டிக், சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்து மறுபடி வரச் சொல்லியிருந்தார். சாப்பிட்டதும் கொஞ்சம் அமுங்கியது. சரி, இதற்கு எதற்கு மறுபடி டாக்டர் என்று மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டிக் காட்டி வாங்கி ஒரு வருடத்துக்கும் மேல் விழுங்கினேன். இரண்டாவது, பருவுக்குக் கொழுப்புதான் காரணம் என்று போனில் எதையோ படித்துவிட்டு எண்ணெயை நிறுத்தினேன். தோசையா, எண்ணெய் விடாமல் கல்லில் காய்ந்தது. பொடியா, தண்ணீரில் குழைத்தது. அப்பா பழக்கத்தில் என் தட்டுக்கு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டுவார். நான் தட்டுக்கு மேல் கையை விரித்து மறைப்பேன். அவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். எண்ணெய்க் கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. இடுப்பின் பின்பக்கம் யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி வலி. உடம்பு கொதித்தது. ஏற்கெனவே இருந்த கட்டிகள் நெஞ்சிலும் முதுகிலும் ஒன்றாக உடைந்து, அவற்றின் மேல் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பனியனைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்தது. டெங்குவுக்கு ரத்தம் பார்த்தார்கள், இல்லை. இரண்டு நாள் காய்ச்சல் மாத்திரையில் ஓட்டிவிட்டு, கடை வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன தோல் மருத்துவரிடம் மயிலாப்பூருக்குப் போனோம். அம்பது வயதிருக்கும் பெண்மணி. சட்டையைத் தூக்கிப் பார்த்தார், இடுப்பை அமுக்கினார், நான் கத்தினேன். இன்றே அட்மிட் ஆகுங்கள் என்றார். அவர் தினமும் போய்ப் பார்க்கிற மருத்துவமனை அடையாறில் இருந்தது.

நோயின் பெயர் ஆக்னி ஃபல்மினன்ஸ். டாக்டரம்மா விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் எல்லோருக்கும் உண்டு. அந்த எண்ணெயைத் தின்று வாழும் ஒரு கிருமியும் எல்லோர் தோலிலும் உண்டு. வாய் அடைத்துப்போன சுரப்பிக்குள் அது பெருகினால் பரு. சில பேருக்கு, பெரும்பாலும் வயசுப் பையன்களுக்கு, உடம்பின் பாதுகாப்புப் படை இந்தக் கிருமியைப் பார்த்து வெறி பிடித்துப்போய்த் தன் தோலையும் மூட்டுகளையும் சேர்த்தே தாக்கிவிடும். அதுதான் இது. அரிதானது. தொற்று நோய் இல்லை. ஏன் எனக்கு, ஏன் இப்போது என்று கேட்டேன். தெரியாது என்று நேராகச் சொன்னார்.

முதல் நாள் சோதனைகளிலேயே போனது. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனை, ஈரல், சிறுநீரகம், புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்த சீழ், இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. அந்த ஸ்கேன் குழாய்க்குள் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். முதுகு முழுக்கப் புண்ணோடு மல்லாந்து படுப்பது எப்படி என்று கேட்டால், அசையாமல் படுங்கள் தம்பி என்றார் அங்கே இருந்தவர். உள்ளே இருந்த நேரம் முழுக்க அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்ததில் வலி கொஞ்சம் மறந்தது. இடுப்பெலும்பு மூட்டில் வீக்கம் இருப்பதாக முடிவு வந்தது. சரியாகிவிடும், ஆனால் மருந்தை விட்டால் திரும்ப வரும், மூட்டு கெட்டுப்போகவும் கூடும் என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதுவரைக்கும் கவலை முகத்தைப் பற்றித்தான். நடப்பதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

சாயங்காலம் ஓர் இளம் டாக்டர் வந்து விவரமெல்லாம் கேட்டு எழுதினார். என்ன வயதில் ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு, ஜிம்முக்குப் போய் ஏதாவது பவுடர் சாப்பிடுவேனா. எல்லாவற்றுக்கும் அப்பாதான் பதில் சொன்னார். கடைசியில் அந்த டாக்டர் நிமிராமல், "வீட்ல என்ன எண்ணெய் யூஸ் பண்றீங்க" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே பிறந்தவர் என் அப்பா. வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். டாக்டர் மறுபடி கேட்ட பிறகு அம்மாதான் நல்லெண்ணெய் என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தக் கேள்வி அப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் வரும்போது ஒரு துணிப்பையில் மூன்று சின்ன பாட்டில்கள் கொண்டு வந்தார். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய். என் கட்டில் பக்கத்து மேசையில் வரிசையாக வைத்தார். எதற்கு என்று கேட்டேன். டெஸ்ட்டுக்குக் கொடுக்கணும் என்றார். ரத்தத்தைச் சோதிக்கிற மாதிரி எண்ணெயையும் மேலே இருக்கிற லேபில் சோதித்து, இதுதான் குற்றவாளி என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து இதெல்லாம் இங்கே வைக்கக் கூடாது என்று சொன்னதும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் போனதும் மறுபடி மேசையில் வைத்தார்.

அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. அதில் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வியாபாரம் செய்கிற மாரி அண்ணன். சர்க்கரையில் காலில் புண் வந்து சேர்ந்திருந்தார். நான் வந்ததிலிருந்து எல்லோரும் என் முகத்தைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள். மாரி அண்ணன் திருப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து நன்றாகவே பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சில யார்னா ஆசிட் ஊத்திட்டானா?"

பரு என்றேன். பருவு இப்டியெல்லாமா கீது என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, துன்றதுக்கு எதுனா வச்சிக்கீறியா என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ராத்திரி யோசித்துப் பார்த்தபோது, அந்த இரண்டு நாளில் என்னைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றியது. காலையில் ஆப்பிளை அவருக்குக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை, சாப்பிடக் கூடாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நர்ஸ் வருவதற்குள் தின்று முடித்தார்.

மருந்து ஸ்டீராய்டு. வெறி பிடித்த படையை அடக்குகிற வேலை அதற்கு. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, இடுப்பு கொஞ்சம் இளகியது. பதிலுக்குப் பேய்ப் பசியும் தூக்கமில்லாத ராத்திரியும் கிடைத்தன. அதைவிடக் கொடுமை படுக்கை விரிப்பு. ஆஸ்பத்திரி விரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும், காலையில் உரித்து எடுக்க வேண்டும். அம்மா வீட்டிலிருந்து பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துக் கொண்டுவந்து விரித்தாள். ஒட்டினால் உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஒரு ஓரத்திலிருந்து பொறுமையாக எடுப்பாள். அவசரப்பட்டு நான் இழுத்தால் கையில் ஒரு அடி விழும். தினமும் அவற்றைத் துவைத்து, ஆஸ்பத்திரிக் குளியலறைக் கம்பியில் காயப்போட்டு, நர்ஸிடம் திட்டு வாங்குவாள். இப்போதும் அவற்றில் ஓர் ஊதாச் சேலைத் துண்டு என் அலமாரியில் இருக்கிறது.

இப்படி ஓர் உரித்தல் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அம்மா அதைச் சொன்னாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

"உங்கப்பா கடைக்கு வர்றவங்களத் திருப்பி அனுப்புறாருய்யா. நேத்து ஒரு காலேஜ் பையன் வந்து நல்லெண்ணெய் கேட்டான். மூஞ்சில ரெண்டு பரு. அவனப் பாத்ததும் ஸ்டாக் இல்லன்னுட்டாரு. பின்னாடி டின் டின்னா அடுக்கி இருக்கு."

அது மட்டுமில்லை, லாரி வந்து இறங்கியும் அவர் ஒரு டின்னைக்கூடத் திறந்து நக்கிப் பார்க்கவில்லையாம். எங்கள் கடை இடத்தைப் போன் கவர் விற்கிற கடைக்கு வாடகைக்குக் கேட்டு ரொம்ப நாளாக ஒருவர் அலைந்துகொண்டிருந்தார். அவரை அப்பா இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவின் செக்குக்கு எங்கள் கடைதான் பெரிய வாடிக்கை. கடை போனால் செக்கும் போகும். இதெல்லாம் என் முகத்துக்காக. மேசையைப் பார்த்தேன். மூன்று பாட்டில்களும் அப்படியே நின்றன. அப்பாவுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். என் எண்ணெயா, இல்லையா.

கேட்பதற்குத்தான் அவருக்கு வாய்க்கவில்லை. காலையில் கோட்டூர்புரம் வழியாக பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டுப் போயிருப்பார். சாயங்காலம் வருகிற இளம் டாக்டரிடம் கேட்டால், மேடத்திடம் கேளுங்கள் என்பார். ஒரு தடவை லிஃப்ட் வாசலில் டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டார், ஆனால் கூட நாலைந்து பேர் நிற்கவே கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, நல்லா இருக்கீங்களாம்மா என்று விசாரித்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரை நலம் விசாரித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

கடைசியில் நான்தான் சொன்னேன். சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்காதீர்கள், ஏழு மணிக்கே வந்து உட்காருங்கள் என்று. வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, கல்யாண வீட்டுக்குப் போகிற தோரணை. டாக்டரம்மா வந்து என் முதுகைப் பார்த்தார், புண் காய்கிறது என்றார், பிறகு மேசையைப் பார்த்தார்.

இது என்ன என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, கடை, செக்கு, அருப்புக்கோட்டை என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்க் கடைசியில் வந்து சேர்ந்தார். "இதுனாலயா டாக்டரம்மா எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டில் இருக்கிற கொழுப்பு எல்லாம் ஒன்றில்லை என்றார். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மாதிரியானவற்றில் ஒமேகா ஆறு என்கிற வகை அதிகம். மீன், வால்நட், ஆளிவிதையில் ஒமேகா மூன்று. நாம் தின்பதில் முதலாவது ரொம்ப அதிகமாகவும் இரண்டாவது ரொம்பக் குறைவாகவும் இருந்தால் உடம்பில் அழற்சி கூடலாம், பரு கூடலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். பொரித்த பண்டம், இனிப்பு, பால் பவுடர் மேலும் சந்தேகம் இருக்கிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. அதே எண்ணெயைச் சாப்பிடுகிற கோடிப் பேருக்கு இந்த நோய் வரவில்லை.

"அப்ப இல்லன்னு சொல்லுங்கம்மா" என்றார் அப்பா.

"உங்க எண்ணெய்தான் காரணம்னு சொல்ல மாட்டேன் சார். அதுக்கு சம்பந்தமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து மாரி அண்ணன் மீன் என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மத்தி வாங்கிக் கொடு, ஒரு மாசம் துன்னான்னா மூஞ்சி கண்ணாடி மாரி ஆயிடும் என்றார். அப்பா, நாங்கள் சைவம் என்றார். எண்ணெ விக்கற ஆளு சைவமா, மீன வறுக்கறதுக்குத்தான உன்னாண்ட வாங்கறோம் என்றார் அவர். கண்ணாடியெல்லாம் ஆகாது என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். வயிறு எப்படி இருக்கு, தினமும் போகிறதா என்று கேட்டார்.

இங்கே அப்பாவுக்கு உயிர் வந்தது. தன் பக்கம் ஒரு நல்லது சொல்ல இருக்கிறதே என்கிற சந்தோஷத்தில், "வயித்தப் பத்திக் கவலையே வேண்டாம்மா. மாசம் ரெண்டு தடவ விளக்கெண்ணெய் குடுத்துச் சுத்தம் பண்ணிருவோம்" என்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்றரை வருஷமா என்று அம்மா சொன்னாள். கூடவே ஆன்டிபயாட்டிக்கை ஒரு வருடத்துக்கு மேல் நானாக விழுங்கியதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதுகுப் புண் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு அம்மாவைப் பார்த்து, வீட்டில் தோசை மாவு எப்படிப் புளிக்கிறது என்று கேட்டார். அம்மா விழித்தாள். அரைத்து உப்புப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்றாள். அதுவும் கிருமிதான், நல்ல கிருமி என்றார் டாக்டரம்மா. அதே மாதிரி குடலுக்குள்ளும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நாம் தின்கிற கீரையிலும் காயிலும் இருக்கிற நாரை அவை தின்றுவிட்டு, சில சின்னக் கொழுப்பு அமிலங்களைச் செய்து கொடுக்கின்றன. உடம்பின் வெறியைத் தணிப்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று தெரிகிறது. முகத்துக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்ததில் தப்பில்லை, இப்போது நாங்களும் அந்தப் பக்கம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"ஆனா மாவுப் பானைய நாளெல்லாம் வெந்நி ஊத்திக் கழுவிக்கிட்டே இருந்தா மாவு எங்கேர்ந்து புளிக்கும்? மேல இவன் மாத்திரை போட்டுக் கொல்றான். கீழ நீங்க கழுவி விடுறீங்க."

இதனால்தான் நோய் வந்தது என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் இதை நிறுத்துங்கள், இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். அப்பா தலையை ஆட்டினார். அழுக்கு என்று நினைத்து ஒன்றரை வருடமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது எதை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டரம்மா எழுந்தபோது, பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள், லேபில் இதற்கெல்லாம் டெஸ்ட் கிடையாது என்றார். அப்பா இரண்டை எடுத்துப் பையில் போட்டார். தேங்காயெண்ணெயை மாரி அண்ணன் தலைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். பில் கவுண்ட்டரில் அப்பா நின்ற நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, அவர் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. மாரி அண்ணன் போன் நம்பர் கொடுத்து, மீனு வேணும்னா சொல்லு, அய்யருங்களுக்கே வூட்டாண்ட கொண்டாந்து குடுத்துக்கினுகீறேன், உனுக்குக் குடுக்க மாட்டனா என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விளக்கெண்ணெய் ஜாடி பரணுக்குப் போனது. போன் கவர்காரரை அப்பா இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்லவில்லை. தினமும் கடையைத் திறந்தார், ஆனால் பேசி விற்கவில்லை. கேட்டவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார், வயசுப் பிள்ளைகள் வந்தால் உள்ளே போய்விடுவார், அம்மா வந்து கொடுப்பாள். சாப்பிடும்போது அவரும் எண்ணெயைத் தொடவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் குழைத்த பொடியைத் தின்றோம். அதற்கு என்ன ருசி என்று தின்று பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதைக் குறைக்கும்போதே எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருங்க வைக்கிற இன்னொரு மருந்தைச் சின்ன அளவில் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பரு திரும்ப வரும். அதற்காக மயிலாப்பூர் கிளினிக்குக்குப் போனோம். மாலை நேரம், வெளியே பெஞ்சில் இடமில்லை. அப்பா கதவோரம் நின்றார். உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மா ரத்தச் சோதனைகளைப் பார்த்தார், நடந்து காட்டச் சொன்னார், நடந்தேன். மாத்திரை எழுதினார். பெயர் ஐசோட்ரெட்டினாயின். உதடு வறளும், கண் காயும், ஈரலையும் ரத்தக் கொழுப்பையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு விஷயம். இத வெறும் வயித்துல, வெறும் இட்லியோட எல்லாம் போட்டா உடம்புல சரியா சேராது. நல்ல கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட போடணும்."

அப்பா முன்னால் வந்தார். "கொழுப்புன்னா?"

"நெய், எண்ணெய். ஏதாவது ஒண்ணு."

"எந்த எண்ணெய்ம்மா?"

"வீட்ல என்ன இருக்கோ அது. அளவா." அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, சீட்டைக் கொடுத்துக்கொண்டே, "உங்க நல்லெண்ணெய் போதும் சார்" என்றார்.

அப்பா சீட்டை வாங்கி, மடித்து, பையில் வைத்து, மறுபடி எடுத்து மடித்தார். மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வரும்போது, பாதி வழியில் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு மாத்திரையைப் பார்த்தார். உருண்டையாக, உள்ளே திரவம் தெரிந்தது. இதுக்குள்ளயும் எண்ணெய்தான் இருக்கும் போலருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ராத்திரி அம்மா தோசை ஊற்றினாள். தட்டில் பொடியை வைத்து நடுவில் விரலால் குழி செய்தேன். அப்பா கீழே கடைக்குப் போய் ஒரு புது டின்னைத் திறந்து கிண்ணத்தில் எடுத்து வந்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் அதைச் செய்யவே இல்லை. கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்தார்.

"காறல் இல்ல" என்றார். ஆனால் ஊற்றவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை எப்போது தட்டுக்கு மேல் வரும் என்று.

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊற்றினார். குழி நிரம்பியது, பொடி கறுத்துக் கரைந்தது, தோசை ஓரம் வரைக்கும் ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து, போதுங்க, டாக்டர் அளவான்னு சொன்னாங்க என்றாள். அப்பா கிண்ணத்தை நிமிர்த்தினார்.

"இந்த மாத்திர எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசத்துக்கு மேல ஆகும்ப்பா."

"அப்ப அந்தப் போன் கவர்காரன வேற எடம் பாக்கச் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, தன் தட்டைக் கிண்ணத்தின் பக்கம் இழுத்துக்கொண்டார்.